தரைக்கடியில் உறையும் குழாய்: கிரால் ஸ்பேஸ் வீட்டுக்காரர்களுக்கு ஓர் அறிமுகம்

அமெரிக்காவில் வட கரோலினாவிலோ ஜார்ஜியாவிலோ சியாட்டில் பக்கத்திலோ முதன்முதலாக வீடு வாங்கும் நம்மவர்கள் பலருக்கு, வீட்டு ஆய்வாளர் தரும் அறிக்கையைப் படிக்கும் நாளில்தான் 'கிரால் ஸ்பேஸ்' என்ற சொல் அறிமுகமாகிறது. வீட்டின் மரத்தரைக்கும் கீழே உள்ள மண்ணுக்கும் நடுவே, சுற்றிலும் கான்கிரீட் கல்லாலோ செங்கல்லாலோ கட்டைச்சுவர் எழுப்பி, ஆள் நிமிர்ந்து நிற்க முடியாமல் தவழ்ந்து போகும் அளவுக்கே விட்டிருக்கும் இடைவெளி அது. தரையைத் தாங்கும் மர ஜாய்ஸ்டுகளுக்கும் மண்ணுக்கும் இடையே 18 அங்குலமாவது இருக்க வேண்டும் என்பது அங்கே பரவலாகப் பின்பற்றப்படும் கட்டட விதி. சரிவான மனையாக இருந்தால் ஒரு மூலையில் 2 அடியும் எதிர் மூலையில் 5 அடியுமாகக்கூட இருக்கும். தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், சூடான காற்றைக் கொண்டுசெல்லும் டக்ட், மின்கம்பி எல்லாம் இந்த இருட்டுக்குள்தான் ஓடுகின்றன. வீடு வாங்கிப் பல ஆண்டுகள் ஆகியும் அதன் சிறு கதவைத் திறந்தே பார்க்காத குடும்பங்கள் நிறைய உண்டு. குளிர்காலத்தில் அந்த வீட்டுக்கு நேரக்கூடிய மிகப் பெரிய சேதம் அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பதால், அதை எல்லோரும் ஒருமுறையாவது புரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஊரில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஆபத்தின் அளவு எளிதில் பிடிபடாததற்கு ஒரு காரணம் உண்டு. நம் வீடுகளில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்குகிறது. இரண்டு மாடி வீட்டின் மேல்தொட்டி, தரைத்தளக் குழாயில் சதுர அங்குலத்துக்குப் 10 அல்லது 12 பவுண்டு அழுத்தத்தையே தரும். எங்காவது குழாய் உடைந்தாலும் 1000 லிட்டர் தொட்டி காலியானதும் ஒழுக்கு நின்றுவிடும். அமெரிக்க நகரங்களில் தெருக்குழாயே நேராக வீட்டுக்குள் வருகிறது. அழுத்தம் பெரும்பாலும் 40 முதல் 80 பவுண்டு வரை இருக்கும், அதுவும் இரவு பகல் ஓயாமல். உடைந்த அரை அங்குலக் குழாயிலிருந்து நிமிடத்துக்கு 20 லிட்டர் என்று குறைத்துக் கணக்கிட்டாலும், ஒரு மணி நேரத்தில் 1200 லிட்டர் கொட்டிவிடும். யாராவது வால்வை மூடும்வரை அது நிற்காது.

2018 ஜனவரி முதல் வாரத்தில் வட கரோலினாவின் ராலே நகரில் வெப்பநிலை பல நாட்கள் தொடர்ந்து உறைநிலைக்குக் கீழேயே கிடந்தது. எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாயில் ஒருநாள் காலை தண்ணீர் வரவில்லை. குளியலறைகளில் வந்துகொண்டிருந்ததால், வெயில் ஏறினால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டோம். சில நாட்கள் கழித்து வெளியே வெப்பம் கூடிய ஒரு மதியத்தில், தரைக்கடியிலிருந்து குக்கரில் ஆவி வெளியேறுவது போன்ற சீறல் கேட்டது. தெருவோர மீட்டர் பெட்டியில் தண்ணீரை அடைத்துவிட்டு, மின் இணைப்பையும் துண்டித்துவிட்டு உள்ளே தவழ்ந்து போன பிளம்பரின் பின்னால் நானும் போனேன். தாமிரக் குழாய் ஓரிடத்தில் கட்டைவிரல் அளவுக்குப் புடைத்து, அந்தப் புடைப்பின் நடுவே நீளவாக்கில் மீன் வாயைப் போலப் பிளந்திருந்தது. சுவரிலுள்ள காற்றுத்துளைக்கு எதிரே, குளிர்காற்று நேராக வந்து அடித்த இடத்தில், அந்தப் பிளவு இல்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை. அங்கிருந்து நான்கடி தள்ளி, சமையலறைக் குழாய்க்குப் போகும் பக்கத்தில் அது இருந்தது.

அந்த நான்கடி தூரத்தைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில் மிக அடர்த்தியாக இருக்கிறது. அதற்குக் கீழே குளிரக் குளிர மெல்ல விரிந்து, பனிக்கட்டியாகும்போது கனஅளவில் ஏறத்தாழ 9 சதவீதம் கூடிவிடுகிறது. ஃப்ரீசரில் மறந்து வைத்த கண்ணாடிப் பாட்டில் விரிசல் விடுவதைப் பார்த்திருப்பதால், குழாயும் அப்படித்தான், பனிக்கட்டி உள்ளிருந்து பக்கவாட்டில் நெம்பி உடைக்கிறது என்றே நாம் நினைக்கிறோம். ஆனால் குழாயில் பெரும்பாலும் நடப்பது வேறு. குளிர் அதிகமாகத் தாக்கும் இடத்தில் பனிக்கட்டி முதலில் ஓர் அடைப்பாக உருவாகிக் குழாயின் குறுக்கே முழுவதும் நிரம்புகிறது. பிறகு அந்த அடைப்பு குழாயின் நீளவாக்கில் இரு பக்கமும் வளர்ந்து, முன்னால் இருக்கும் தண்ணீரைத் தள்ளுகிறது. தெருப்பக்கம் உள்ள தண்ணீருக்குப் பின்வாங்க வழி இருக்கிறது. சமையலறையில் நாம் திருகி மூடிவைத்த குழாயின் பக்கம் உள்ள தண்ணீருக்கு எந்த வழியும் இல்லை. தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது என்பதால், அடைப்பு இன்னும் சிறிது வளர்ந்தாலே அங்கே அழுத்தம் தெருக்குழாயின் அழுத்தத்தைப் போலப் பல மடங்காக ஏறிவிடுகிறது. இறுதியில் அடைப்புக்கும் மூடிய குழாய்க்கும் இடையே எந்த இடம் பலவீனமோ அந்த இடம் பிளக்கிறது. அந்த இடத்தில் பனிக்கட்டியே இல்லாமலும் இருக்கலாம். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் கட்டட ஆய்வுக்குழு 1990களில் செய்த சோதனைகள் இந்த விளக்கத்தைத் தெளிவாக நிறுவின.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, குழாயைச் சிறிதளவு திறந்து வைப்பது ஏன் காப்பாற்றுகிறது என்பது. ஓடும் தண்ணீர் உறையாது என்று பலர் அதற்குக் காரணம் சொல்கிறார்கள். தெருவுக்கடியிலிருந்து வரும் சற்றே வெதுவெதுப்பான தண்ணீர் உதவுவது உண்மைதான். ஆனால் முக்கியமான பயன், அழுத்தம் வெளியேற ஒரு வாசல் கிடைப்பதே. அடைப்பு உண்டானாலும் குழாய் பிழைத்துக்கொள்ளும். இரண்டாவது, உடைப்பு ஏன் பெரும்பாலும் குளிர் தணியும் நாளில் தெரியவருகிறது என்பது. பிளவு ஏற்பட்ட பிறகும் பனிக்கட்டி தக்கையைப் போல அடைத்துக்கொண்டிருக்கிறது. அது உருகியதும்தான் தெருவின் தண்ணீர் முழுவதும் பிளவை நோக்கி வருகிறது. எங்கள் வீட்டில் சீறல் கேட்ட மதியத்தில் குழாய் உடையவில்லை. சில நாட்களுக்கு முன்பே, தண்ணீர் வராத அந்தக் காலையிலேயோ அதற்கடுத்தோ உடைந்திருக்க வேண்டும். தண்ணீர் வரவில்லை என்பதே எச்சரிக்கை மணி, அதை நாங்கள் அலட்சியம் செய்துவிட்டோம்.

எந்த வெப்பநிலையில் கவலைப்பட வேண்டும்? தண்ணீர் 0 டிகிரி செல்சியஸில் உறையும் என்று படித்திருக்கிறோம். ஆனால் குழாய்க்குள் அசையாமல் இருக்கும் தண்ணீர் அதற்குச் சில டிகிரி கீழே போன பிறகே உறையத் தொடங்குவது வழக்கம். அதே இல்லினாய்ஸ் ஆய்வு, உறை போடாத குழாய்களுக்கு வெளிவெப்பம் 20 டிகிரி பாரன்ஹீட்டை, அதாவது ஏறத்தாழ மைனஸ் 7 செல்சியஸை, எச்சரிக்கை எல்லையாகக் கொள்ளலாம் என்றது. தென் மாநிலங்களுக்கு இந்த எண் நன்றாகப் பொருந்துகிறது. வடக்கே மினசோட்டாவில் வீடு கட்டுபவர்கள் குளிரை எதிர்பார்த்து, குழாய்களைச் சூடான பகுதிக்குள்ளேயே கொண்டுபோகிறார்கள். தெற்கே ஈரம் தங்காமலிருக்கக் காற்றுத்துளை வைத்த கிரால் ஸ்பேஸில் குழாய்கள் வெறுமையாகத் தொங்குகின்றன. எனவே அரிதாக வரும் கடுங்குளிர் அங்கேதான் அதிகம் அழிக்கிறது. 2021 பிப்ரவரியில் டெக்சஸில் குளிரும் மின்வெட்டும் சேர்ந்து வந்தபோது இதைக் கண்டோம். 2022 கிறிஸ்துமஸ் நாட்களில் அட்லாண்டாவில் வெப்பநிலை 8 டிகிரி பாரன்ஹீட் அளவுக்கு இறங்கியது. அதே வாரம் ஜாக்சன், மெம்பிஸ் நகரங்களில் குழாய்கள் உடைந்து, ஊர் முழுவதற்கும் தண்ணீர் அழுத்தமே குறைந்து, நீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி அறிவிக்க நேர்ந்தது.

வெப்பநிலையைவிடக் காற்றோட்டத்தையே நான் அதிகம் அஞ்சச் சொல்வேன். காற்று அடிப்பதால் குழாய் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்துவிடாது. ஆனால் அதிலுள்ள வெப்பத்தைப் பல மடங்கு வேகமாகக் காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும். அசையாத 25 டிகிரி பாரன்ஹீட் காற்றில் ஓர் இரவு தாங்கும் குழாய், அதே காற்று ஒரு விரல் அகல இடுக்கு வழியாக நேராக வந்து மோதினால் தாங்காமல் போகலாம். ஆகவே முதல் வேலை, பகல் வெளிச்சத்தில் கிரால் ஸ்பேஸுக்குள் நுழைந்து, கதவை மூடிக்கொண்டு, எங்கிருந்தெல்லாம் வெளிச்சம் கசிகிறது என்று பார்ப்பது. வெளிச்சம் வரும் இடத்தில் காற்றும் வரும். கேபிள் கம்பி நுழையும் ஓட்டை, ஏ.சி. குழாய் வெளியேறும் ஓட்டை, கதவின் ஓரம் ஆகியவற்றை நுரையாலோ இடுக்கை அடைக்கும் கால்க் பசையாலோ அடைக்க வேண்டும்.

சுவரில் உள்ள காற்றுத்துளைகளைக் குளிர்காலத்தில் மூடிவைப்பது நல்லது. கடையில் அதற்கென்றே ஃபோம் அடைப்பான்கள் கிடைக்கின்றன. ஏறத்தாழ 40 டிகிரி பாரன்ஹீட்டில் தானாக மூடி 70 டிகிரி அளவில் தானாகத் திறக்கும் துளைகளும் உண்டு. அவை பழசாகிச் சிக்கிக்கொள்வதால் நவம்பரில் கையால் ஆட்டிப் பார்ப்பது அவசியம். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: வீட்டைச் சூடாக்கக் கேஸில் எரியும் ஃபர்னஸோ வாட்டர் ஹீட்டரோ கிரால் ஸ்பேஸுக்குள் இருந்து, அது எரிவதற்கான காற்றை அங்கிருந்தே எடுத்துக்கொள்வதாக இருந்தால், துறை தெரிந்தவரைக் கேட்காமல் எந்தத் துளையையும் மூடக் கூடாது. கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடித்துவிடும். காற்றுத்துளையே இல்லாமல், மண்மீதும் சுவர்மீதும் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு ஒட்டி, ஈரத்தைக் கருவி கொண்டு கட்டுப்படுத்தும் 'மூடிய கிரால் ஸ்பேஸ்' முறையும் உண்டு. வட கரோலினாவின் பிரின்ஸ்வில் என்ற சிற்றூரில் ஒரே மாதிரியான வீடுகளை ஒப்பிட்டு நடத்திய ஆய்வில், மூடிய வீடுகளில் ஈரமும் குறைந்தது, மின்செலவும் குறைந்தது. செலவு சில ஆயிரம் டாலர் ஆகும் என்றாலும், வசதி உள்ளவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். குழாய் உறைவதைத் தடுப்பதோடு மற்ற பல தொல்லைகளையும் அது தீர்க்கிறது.

அடுத்தது குழாய்க்கு உறை போடுவது. கறுப்பு ஃபோம் உறை, நீளவாக்கில் கீறி, 6 அடித் துண்டுகளாக விற்கிறது. இதைப் போட்டுவிட்டால் குழாய் சூடாகிவிடும் என்று எண்ணுவது தவறு. கம்பளி நமக்குச் சூட்டை உண்டாக்குவதில்லை, உடம்பின் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. குழாய்க்கு உடம்புச் சூடு இல்லை. அதிலுள்ள தண்ணீரின் வெப்பம் வெளியேறுவதை உறை சில மணி நேரம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். விடியற்காலையில் மட்டும் கடுமையாகக் குளிரும் ஊர்களில் அந்தச் சில மணி நேரமே போதும், மூன்று நாள் தொடரும் குளிருக்குப் போதாது. உறை போடுபவர்கள் நேரான பகுதியை அழகாக மூடிவிட்டு, முழங்கை வளைவிலும் கிளை பிரியும் 'T' வடிவ இணைப்பிலும் நான்கு விரற்கடை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். பனிக்கட்டி பிடிப்பதற்கு அந்த நான்கு விரற்கடையே போதுமானது. எனவே வளைவுகளில் உறையை 45 டிகிரி சாய்வாக வெட்டி இணைத்து, மூட்டுகளை டேப்பால் சுற்ற வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்றைப் பல வீடுகளில் காணலாம். தரையின் அடிப்பக்கத்தில், ஜாய்ஸ்டுகளுக்கு நடுவே, ஃபைபர்கிளாஸ் பஞ்சு செருகியிருப்பார்கள். குழாய் அந்தப் பஞ்சுக்குக் கீழே தொங்கினால், மேலே வீட்டிலிருந்து இறங்கும் வெப்பம் குழாயை எட்டுவதேயில்லை, பஞ்சு குழாய்க்கு எதிராகவே வேலை செய்கிறது. குழாய் பஞ்சுக்கு மேலே, தரைப்பலகையை ஒட்டி இருக்க வேண்டும். இடமிருந்தால் குழாயை மேலே தூக்கிக் கட்டலாம். இல்லையென்றால் குழாயையும் உள்ளடக்கி அதற்குக் கீழே பஞ்சு வர வேண்டும். பிளம்பரோ கேபிள்காரரோ வேலைக்கு வந்து பஞ்சைக் கீழே இழுத்துவிட்டு அப்படியே போவதும் சகஜம். அவர்கள் போன பிறகு ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள்.

வீட்டின் வடபுறச் சுவரை ஒட்டியோ, மேலே தூக்க முடியாத மூலையிலோ குழாய் இருந்தால் சூடேற்றும் கேபிள் சுற்றலாம். உறை செய்ய முடியாததை, அதாவது வெப்பத்தை உண்டாக்குவதை, இதுதான் செய்கிறது. வீட்டுக்கென விற்கும் கேபிள்கள் பலவற்றில் உள்ள தெர்மோஸ்டாட் 38 டிகிரி பாரன்ஹீட் அளவில் மின்சாரத்தை விடும். தன்வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்தும் வகையை வாங்குவது பாதுகாப்பு. பழைய வகையை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றினால் அந்த இடம் அளவுக்கு மீறிச் சூடாகித் தீப்பிடிக்கலாம். எக்ஸ்டென்ஷன் கம்பியில் செருகாமல், ஈரத்தில் மின்கசிவு ஏற்பட்டால் தானாக அணையும் ஜி.எஃப்.சி.ஐ. பிளக் பாயிண்டில் செருக வேண்டும். மின்சாரம் போனால் இந்தக் கேபிளும் பயன்படாது என்பதையும், மின்வெட்டும் கடுங்குளிரும் சேர்ந்தே வரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தோட்டத்துக் குழாய்க்கு ஒரே விதி: அக்டோபர் முடிவதற்குள் ஹோஸைக் கழற்றிவிட வேண்டும். உறையாத குழாய் என்று விற்கப்படுவதில் தண்ணீரை அடைக்கும் முனை சுவருக்குள்ளே ஓர் அடி ஆழம் வரை இருக்கும், மூடியதும் மீதித் தண்ணீர் வெளியே வடிந்துவிடும். ஹோஸ் மாட்டியே இருந்தால் அது வடியாமல் தங்கி, கிரால் ஸ்பேஸுக்குள் இருக்கும் பகுதி பிளந்துவிடும். அடுத்த ஏப்ரலில் செடிக்குத் தண்ணீர் விடத் திறக்கும்போதுதான் தரைக்கடியில் குளம் கட்டும்.

கடுங்குளிர் அறிவிப்பு வந்த இரவில் செய்ய வேண்டியது சிறிதே. தெருவிலிருந்து வரும் குழாய் வீட்டுக்குள் நுழையும் இடத்திலிருந்து மிகத் தொலைவில் உள்ள குழாயைத் திறந்து, சூடான பக்கத்திலும் குளிர்ந்த பக்கத்திலும் பென்சில் முனை அளவு மெல்லிய தாரையாக ஓடவிடலாம். வெளிச்சுவரை ஒட்டிய சிங்க்குக்குக் கீழே உள்ள அலமாரிக் கதவைத் திறந்து வைக்கலாம். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அன்றைக்கு ஹீட்டரைத் தணிக்க வேண்டாம்.

நம்மவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. டிசம்பர் நடுவில் கிளம்பி, பொங்கல் கழித்துத் திரும்பும் பயணம். மிகக் குளிரான ஐந்து வாரம் வீடு பூட்டிக் கிடக்கிறது. உடைந்தால் யாருக்கும் தெரியாது. கிளம்பும் அன்று மெயின் வால்வை மூடிவிட்டு, தாழ்வான குழாயையும் மேல்மாடிக் குழாயையும் திறந்து தண்ணீரை வடியவிட்டு, ஹீட்டரை 55 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் குறையாமல் ஓடவிட்டுப் போவது நல்லது. மின்சார வாட்டர் ஹீட்டரின் தொட்டியையும் காலி செய்வதாக இருந்தால் முதலில் அதன் பிரேக்கரை அணைக்க வேண்டும். தண்ணீரில்லாமல் சூடானால் உள்ளிருக்கும் காயில் எரிந்துவிடும். வழக்கமான வீட்டுக் காப்பீட்டு ஒப்பந்தங்களில், ஆளில்லாத வீட்டில் குழாய் உறைந்து ஏற்படும் சேதத்துக்குப் பணம் கிடைக்க வேண்டுமானால், சூட்டைப் பராமரித்திருக்க வேண்டும் அல்லது தண்ணீரை அடைத்து வடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். பயணத்துக்கு முன் உங்கள் ஒப்பந்தத்தின் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

காலையில் ஒரு குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் உறைந்துவிட்டதென்றே கொள்ளுங்கள். அந்தக் குழாயைத் திறந்தே வையுங்கள். மெயின் வால்வு எங்கே என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டி வையுங்கள். உள்ளே தண்ணீர் தேங்கவில்லை என்று உறுதியானால், ஹேர் டிரையரால் சூடேற்றலாம். குழாய் திறந்திருக்கும் பக்கத்திலிருந்து தொடங்கி அடைப்பை நோக்கிப் போக வேண்டும். அப்போதுதான் உருகும் தண்ணீருக்கு வெளியேற வழி இருக்கும். தீப்பிழம்பு வரும் டார்ச்சை எந்தக் காரணத்துக்காகவும் தொட வேண்டாம். காய்ந்த மரமும் பஞ்சை மூடிய காகிதமும் நிறைந்த இடம் அது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் இப்படிச் சில வீடுகள் எரிகின்றன.

உடைந்தே விட்டதென்றால் முதலில் மெயின் வால்வு. அது அசையவில்லை என்றால் தெருவோர மீட்டர் பெட்டி. உள்ளே தண்ணீர் தேங்கியிருந்தால் மின்சாரத்தை அணைக்காமல் இறங்கவே கூடாது, பிரேக்கர் பெட்டிக்குப் போவதற்கே ஈரத்தில் நிற்க வேண்டியிருந்தால் மின்பணியாளரை அழையுங்கள். சேதத்தைப் படமெடுத்து வையுங்கள்.

பழுது நீக்கும் முறை குழாயின் வகையைப் பொறுத்தது. தாமிரமென்றால் பிளவை மட்டும் வெட்டினால் போதாது. புடைத்த பகுதி முழுவதையும் தாண்டி, குழாய் மீண்டும் சரியான வட்டமாக இருக்கும் இடம் வரை வெட்டி எடுக்க வேண்டும். இரு முனைகளை இணைக்கும் எந்தக் கப்ளிங்கும் புடைத்த முனையில் உட்காராது. பிறகு வெட்டிய விளிம்பின் பிசிறை நீக்கி, உப்புத்தாளால் தேய்த்து, எவ்வளவு ஆழம் நுழைய வேண்டும் என்று பேனாவால் கோடிட்டு, ஷார்க்பைட் போன்ற அழுத்திச் செருகும் கப்ளிங்கை அந்தக் கோடு மறையும்வரை தள்ளலாம். பற்றவைப்பு தெரியாதவருக்கு இது பெரிய வசதி. பற்றவைப்பதானால் குழாயில் சொட்டுத் தண்ணீர்கூட இருக்கக் கூடாது. வெள்ளை அல்லது மங்கிய மஞ்சள் நிற சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய் பழசானால் நொறுங்கும், விரிசல் கண்ணுக்குத் தெரியும் இடத்தையும் தாண்டி ஓடியிருக்கும், எனவே தாராளமாக வெட்ட வேண்டும். சிவப்பும் நீலமுமாக வரும் பெக்ஸ் என்ற வளையும் பிளாஸ்டிக் குழாய் சற்று விரிந்து கொடுப்பதால் உறைவதை நன்றாகத் தாங்கும், ஆனால் அதன் இணைப்புகள் தாங்கும் என்று சொல்ல முடியாது. 1978க்கும் 1995க்கும் இடையே கட்டிய வீட்டில் வளையக்கூடிய சாம்பல் நிறக் குழாய் இருந்தால் அது பெரும்பாலும் பாலிபியூட்டிலீன் என்ற பிளாஸ்டிக். அதை ஒட்டுப்போட்டுக்கொண்டிருக்காமல் வீடு முழுக்க மாற்றிவிடுவதே சரி.

ஒரு பிளவைக் கண்டால் இன்னொன்றும் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் பிளம்பர் முதல் பிளவைச் சரிசெய்த பிறகு, மெயின் வால்வைக் கால்வாசி மட்டும் திறந்துவிட்டு, குழாய் நெடுகிலும் டிஷ்யூ காகிதத்தை ஒற்றிக்கொண்டே தவழ்ந்தார். குளியலறைக்குப் போகும் கிளையில் காகிதம் நனைந்தது. கண்ணுக்கே தெரியாத கீறல். அதையும் வெட்டி மாற்றிய பிறகு, வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடச் சொல்லிவிட்டு மீட்டர் பெட்டிக்குப் போய், அதில் உள்ள சிறிய முக்கோணம் சுற்றுகிறதா என்று பத்து நிமிடம் பார்த்தார். அது அசையாமல் நின்ற பிறகே வால்வை முழுவதும் திறந்தார். நனைந்து கனத்த பஞ்சைக் கீழே இழுத்துப் பையில் கட்டினோம். மண்மீது விரித்திருந்த பிளாஸ்டிக் தாளின் மேல் தேங்கிய தண்ணீரைச் சிறிய பம்ப்பால் இறைத்தோம். மரம் உலர்வதற்கு விசிறியும் ஈரமுறிஞ்சியும் வைத்தோம். ஜாய்ஸ்ட் முழுவதும் காய்ந்த பிறகே புதுப் பஞ்சைச் செருகினோம், இம்முறை குழாய்க்குக் கீழே.